வேலிக்கு அந்தப்பக்கத்துக் காகம்

மனோர் பார்க்கில் எங்கள் பக்கத்து வீட்டு ஐரிஷ்காரர் காகத்தைக் கண்டால் தொப்பியைக் கழற்றுவார். அப்பாவின் திவசத்தன்று நான் தோட்டத்தில் சோற்றை வைத்து, "கா, கா" என்று கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். காகமோ வேலியில் உட்கார்ந்து அவர் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றது.

"காகம் தொட்டதோ? பிள்ளையள் பசியில நிக்குதுகள்!" என்று மனைவி குசினியிலிருந்து கத்தினாள்.

"அது எங்கள் அப்பா," என்றேன் அவரிடம், எரிச்சலோடு.

"இல்லை, மொரிகன். எங்கள் பழைய போர்த்தெய்வம். சாகப்போகும் வீரனின் தோளில்தான் வந்து உட்காருவாள். உன்னிடம் வராததற்குச் சந்தோஷப்படு."

சொல்லிவிட்டு, தன் பிஸ்கட் ஒன்றை என் சோற்றின் மேல் நொறுக்கிப் போட்டார். உடனே காகம் வந்தது.

எல்லோரும் சாப்பிட்டார்கள். எனக்குத்தான் இறங்கவில்லை. அப்பா உயிரோடிருந்த காலத்திலும் பக்கத்து வீட்டுப் பொடியனைத்தான் மெச்சுவார்.