கடலுக்குக் கட்டிக்கிட்டுப் போன புளிசோறு

இது நடந்தது ரெண்டாயிரத்து மூணாம் வருஷம், மாசி மாசம், பாண்டிச்சேரியில. அப்ப எனக்குக் கல்யாணமாகி எட்டு மாசம். செங்கத்துல ஒரு உரக்கடையில பில் போடுற வேலை. எச்சில் கையால காக்கா ஓட்டாதவன்னு கூட வேலை செய்யறவங்க என்னைக் கிண்டல் பண்ணுவாங்க. நான் அதைப் பாராட்டா எடுத்துக்கிட்டுத் திரிஞ்ச காலம் அது.

வீட்டுக்காரி நாகப்பட்டினத்துப் பொண்ணு. அவங்கப்பா மீன்பிடித் துறைமுகத்துல, ஐஸ் கம்பெனியில வேலை பாத்தவரு. வந்த நாள்லேர்ந்து அவ சரியா சாப்பிடறதில்ல. தட்டுல ஒரு புடி சோறு, அதுலயும் பாதி மீதி. பேச்சும் அப்படித்தான். கேட்டா பதில், கேக்கலன்னா அதுவும் இல்ல. எங்கம்மா பயந்துபோயி டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனாங்க. அவரு ஒரு டானிக் எழுதிக் குடுத்தாரு. அதுக்குள்ள மாமனார்கிட்டேர்ந்து ஒரு லெட்டர். பொண்ணு எளச்சுட்டதா கேள்விப்பட்டேன், ஆடிக்கு முன்னாடியே அனுப்பி வையுங்க, உடம்பு தேறினதும் பாப்போம்னு எழுதியிருந்தாரு. அந்த 'பாப்போம்' என்னைத் தூங்க விடல. போனா திரும்பி வரமாட்டாளோன்னு பயம்.

எங்க வீட்டு காலண்டர்ல அந்தமான் படம் ஒண்ணு இருந்துச்சு. நீலத் தண்ணி, தென்னை மரம், வெள்ளை மணலு. ஒரு நாள் அதையே பாத்துக்கிட்டு நின்னா. இந்த மாதிரி தீவுக்குப் போவணுமான்னு கேட்டேன். தலையாட்டினா. அவ்ளோ காசுக்கு எங்க போறது? பாண்டிச்சேரியிலயும் அதே கடல்தான்னு சொல்லி, மூணு நாள் லீவு போட்டேன். அவளை நல்லா சாப்பிட வைக்கணும், வாய் விட்டுப் பேச வைக்கணும். நான் போட்ட திட்டம் அவ்ளோதான்.

இப்ப என் புத்திசாலித்தனத்தைக் கேளுங்க. ஓட்டல்ல காசைக் கொட்டிக் குடுக்க வேணாம்னு, அம்மாகிட்ட சொல்லி மூணு நாளைக்கும் கட்டுச்சோறு கட்டிக்கிட்டேன். ஒரு பெரிய தூக்கு நிறைய புளிசோறு, மொத நாளைக்கு எலுமிச்சை சாதம், வறுத்த வேர்க்கடலை, வடகம், முறுக்கு. திருப்பதிக்குப் போனாலும் பழனிக்குப் போனாலும் எங்க பக்கத்து ஆளுங்க அப்படித்தான் போவோம். கடலோரத்துக்கும் அப்படியே போனேன்.

பீச் ரோட்டுக்குப் பின்னாடி தெருவுல ஒரு பழைய வீட்டு மாடியில ரூம். வாடகை கம்மி. ரூம்ல சமைக்கக்கூடாதுன்னு கதவுலயே எழுதி ஒட்டியிருந்தாங்க. சாயங்காலம் ரெண்டு பேரும் சும்மா நடந்தோம். மஞ்சச் சுவரு, அது மேல கொட்டிக் கெடக்குற காகிதப்பூ, மூடின ஜன்னலு, ஆளே இல்லாத தெரு. எந்தத் தெருவுல திரும்பினாலும் கடைசியில கடல் தெரியும். அவ செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு, தூக்கத்துல நடக்கற மாதிரி நடந்தா. ஒரு வீட்டுக்குள்ளேர்ந்து ரொட்டி சுடுற வாசனை வந்துச்சு. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் அங்கயே நின்னோம். வாங்கித் தரணும்னு எனக்குத் தோணல.

அப்புறம் கருங்கல்லு மேல உக்காந்து தூக்கைத் தொறந்தேன். முன்னாடி கடலு, மடியில புளிசோறு. அவ நாலு வாய் சாப்பிட்டா. போதும்னுட்டா. கடல் காத்துக்குப் பசி அடங்கிடும்போலன்னு நான் அவ பங்கையும் சேத்து சாப்பிட்டேன்.

மறுநாள் விடிஞ்சதும் அவளே எழுப்பினா. நடக்கலாம்னா. வடக்கால நடந்துகிட்டே போனா வைத்திக்குப்பம். அப்பதான் படகுங்க கரையேறிக்கிட்டு இருந்துச்சு. வெயில் இன்னும் ஏறல, கடலும் வானமும் ஒரே பால் நிறம். பொம்பளைங்க மீனைக் கூறு கூறா மணல்ல கொட்டி வித்துக்கிட்டிருந்தாங்க. எங்க வீட்டுல மீனு வாங்கறதே இல்ல. எனக்கு வாடை தாங்கல, கர்சீப்பை எடுத்து மூக்குல வெச்சேன். திரும்பிப் பாத்தா பக்கத்துல அவளைக் காணோம்.

ஒரு கூறு முன்னாடி குந்திக்கிட்டு இருந்தா. மீனோட செவுளைத் தூக்கிப் பாக்கறா, வயித்துல விரலால அழுத்திப் பாக்கறா. நாப்பது வயசு இருக்கும் அந்த மீன்காரம்மாவுக்கு. இப்பதான் வலையிலேர்ந்து விழுந்ததுன்னு அவங்க சொல்ல, "இது ஐஸ் பாத்த மீனு, என்கிட்டயேவா?"ன்னா என் வீட்டுக்காரி. மீன்காரம்மா ஏறிட்டுப் பாத்துட்டு சிரிச்சாங்க. அடியில இருந்த வேற கூடையை இழுத்துப் போட்டாங்க. அப்புறம் ரெண்டு பேரும் பேரம் பேசினாங்க பாருங்க, குப்பமே திரும்பிப் பாத்துச்சு. எட்டு மாசத்துல அவளுக்கு இவ்ளோ பெரிய குரல் இருக்குன்னு எனக்குத் தெரியாது. யாரோ ஒருத்தரோட பொண்டாட்டியை வேடிக்கை பாக்கற மாதிரி நின்னேன்.

ஒரு கூறு கிழங்கா மீனும், ரெண்டு கை நெத்திலியும் வாங்கிட்டா. எங்க ரெண்டு பேரோட மொத நாள் பஸ் டிக்கெட்டை விட கம்மி. பையைத் தூக்கிக்கிட்டு எழுந்தவளுக்கு அப்பதான் ஞாபகம் வந்துச்சு, சமைக்க அடுப்பு இல்லன்னு. முகம் அப்படியே விழுந்துடுச்சு. நான் பேசாம இருந்திருக்கலாம். "திருப்பிக் குடுத்துடு, ரூம்ல புளிசோறு இருக்குதில்ல"ன்னேன்.

அவ பையைக் கீழ வெச்சா. மணல்ல உக்காந்து அழுதா. குலுங்கிக் குலுங்கி, சின்னப் பிள்ளை மாதிரி. "நான் சாப்பிடறதே இல்லைங்க. முழுங்கிக்கிட்டு இருக்கேன்"னா.

மீன்காரம்மாதான் கேட்டாங்க, என்ன சேதின்னு. சொன்னேன். அவங்க என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "ஏன் தம்பி, கடலாண்ட பொண்ணை இட்டாந்து புளிசோறா போடுவ?"ன்னாங்க. அப்புறம் அவளைப் பாத்து, அழாதம்மா, கூடை காலியாவட்டும், ஊட்டுல அடுப்பு சும்மாதான் கெடக்குதுன்னு சொன்னாங்க.

கூடை சீக்கிரம் காலியாவணும்னு அவளும் பக்கத்துல குந்திக்கிட்டு விக்க ஆரம்பிச்சுட்டா. புடவையை இடுப்புல சொருகிக்கிட்டு, போறவங்க வர்றவங்களைக் கூப்பிட்டு. நான் கர்சீப்பை மடிச்சு ஜோப்புல வெச்சுட்டேன்.

குப்பத்துக்குள்ள ரெண்டாவது தெருவுல சின்ன வீடு. அவங்க வீட்டுக்காரரு கடலுக்குப் போயிட்டு வந்து நடையில படுத்து தூங்கிக்கிட்டிருந்தாரு. அவரைச் சுத்திக்கிட்டு உள்ள போனோம். பின்னாடி தோட்டத்துல அருவாமனையைப் போட்டு அவ மீன் கழுவினா. சாம்பல் தேச்சு, உப்பு போட்டு, தண்ணி தெளியற வரைக்கும். குழம்புக்கு மாங்கா போடணும்னு மீன்காரம்மா. நெத்திலிக்கு மட்டும்தான் மாங்கா, கிழங்காவுக்குப் போடக்கூடாதுன்னு இவ. சண்டை முத்தி, கடைசியில ரெண்டு சட்டியில ரெண்டு குழம்பு. சும்மா இருக்கேனேன்னு நான் ரூமுக்கு ஓடிப்போயி அந்தப் புளிசோத்துத் தூக்கை எடுத்துக்கிட்டு வந்தேன். குடுக்கவே வெக்கமா இருந்துச்சு. ஆனா மீன்காரம்மாவும், தூங்கி எழுந்த அவங்க வீட்டுக்காரரும் அதை எப்படி சாப்பிட்டாங்கன்னு நினைக்கறீங்க? தினமும் மீனையே தின்னு நாக்கு மரத்துப்போச்சு, இது கோயில் சோறு மாதிரி இருக்குதுன்னு தூக்கை வழிச்சுட்டாங்க. செலவுக்குக் காசு குடுக்கப் போனேன். புளிசோத்தை எடைக்கு எடை திருப்பித் தரட்டுமான்னு அந்த அண்ணன் கேட்டாரு. கையை மடக்கிக்கிட்டேன்.

அவ மூணு தடவை சோறு போட்டுக்கிட்டா. விரலைச் சப்பிக்கிட்டே எனக்கு முள்ளு எடுத்துக் குடுத்தா. நான் பயந்துகிட்டேதான் வாயில வெச்சேன். பொய் சொல்ல மாட்டேன், ருசியா இருந்துச்சு.

மத்தியானம் கடலோரத்துல ஒரு பூவரச மர நெழல்ல உக்காந்தோம். அவளுக்குக் கண்ணு சொக்குது. படகுங்க ஓரமா கவுந்து கெடக்கு, அலை வர்றதும் போறதும்தான் சத்தம். அந்தக் காலண்டர் தீவுக்கே வந்துட்ட மாதிரி இருந்துச்சு எனக்கு. நான் ரொம்பப் பெருந்தன்மையா ஆரம்பிச்சேன். மீனு வேணும்னு எங்கம்மாவுக்குப் பயந்துதானே சொல்லல, ஊருக்குப் போனதும் அம்மாகிட்ட நான் கண்டிப்பா பேசறேன்னேன்.

அவ கண்ணைத் தொறக்காமலே சொன்னா. "அத்தை ஒண்ணும் சொல்லலைங்க. நீங்கதான் சொன்னீங்க."

கல்யாணமாகி நாலாவது நாளாம். தெருவுல சைக்கிள்ல மீன்காரரு வந்திருக்காரு. இவ கிண்ணத்தை எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போயிருக்கா. நான் பேப்பர் படிச்சுக்கிட்டே, அய்ய, அந்த நாத்தத்தை யாரு துன்னுவா, கதவைச் சாத்துன்னு சொன்னேனாம். அவ சாத்திட்டு உள்ள வந்துட்டா. அப்புறம் யார்கிட்டயும் எதுவும் கேக்கல.

எவ்வளவு யோசிச்சும் நான் அதைச் சொன்னது எனக்கு ஞாபகம் வரல. பேப்பர்ல என்ன படிச்சேன்னும் தெரியல. அவ அந்த ஒரு வார்த்தையோட எட்டு மாசம் குடும்பம் நடத்தியிருக்கா. நான் டானிக் வாங்கிக் குடுத்துக்கிட்டிருந்தேன். அவ பக்கத்துல தூங்கிட்டா. நான் சாயங்காலம் வரைக்கும் கடலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

ஊருக்கு வந்து அம்மாகிட்ட சொன்னப்ப, மீனுக்குன்னு தனியா ஒரு சட்டி வாங்கினா தீர்ந்துது, இதுக்கா பொண்ணு எளச்சுதுன்னு என்னைத்தான் திட்டினாங்க. ஆடிக்கு அவ நாகப்பட்டினம் போனா. ஒரு மாசம் இருக்கப் போனவ, பதினஞ்சு நாள்ல தானே பஸ் ஏறி வந்துட்டா.

இத்தனை வருஷம் ஆச்சு. இப்பவும் அவ கொஞ்சம் அமைதியா இருந்தா, நான் ஏதாச்சும் சொல்லிட்டேனான்னு கேப்பேன். இல்லையேன்னு சிரிப்பா. அந்த 'இல்லையே'வை இன்னிக்கு வரைக்கும் என்னால முழுசா நம்ப முடியல, ஏன்னா சொன்னவனுக்கு மறந்துபோறதுதான் கேட்டவங்களுக்குத் தொண்டையில முள்ளா நிக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு.