ஒரே நேரத்தில் இரண்டு அஸ்தமனம்: கடக்வாஸ்லா

மார்ச் இருபதாம் தேதி மாலை, புனேவை ஒட்டிய கடக்வாஸ்லா அணைக்குத் தனியாகப் போய்வந்தேன். சூரியன் மறைவதைப் பார்க்கத்தான். வருடத்தில் இரண்டே முறை சூரியன் நேர் கிழக்கில் உதித்து நேர் மேற்கில் மறைகிறது. அதில் ஒன்று அன்று.

போகச் சொன்னவர் என் கணவர். ராணுவத்தில் ஜெனரேட்டர் மெக்கானிக். இப்போது அண்டார்டிகாவில் ஓர் ஆய்வு நிலையத்தில் இருக்கிறார். கடைசிக் கப்பலும் திரும்பிவிட்டது; குளிர்காலம் முடியும்வரை அங்கிருந்து யாரும் வர முடியாது.

முந்தின வாரம் போனில், "இருபதாம் தேதி நம்ம ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல பொழுது சாயும். நீ ஏரிக்கரைக்குப் போ, பேசிக்கிட்டே பாக்கலாம்" என்றார்.

யோசித்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. அந்த நிலையம் புனேவுக்கு ஏறக்குறைய நேர் தெற்கே இருக்கிறது. பூமி இருபத்து மூன்றரை டிகிரி சாய்ந்தபடி சுற்றுகிறது. அந்தச் சாய்வால்தான் பருவங்கள் மாறுகின்றன. சூரியனுக்குப் பக்கத்தில் போவதால் கோடை வருகிறது என்பது தவறு. இது போன்ற சம இரவு நாளில் மட்டும் எந்தத் துருவமும் சூரியன் பக்கம் சாய்ந்திருப்பதில்லை. அதனால் எல்லா ஊரிலும் பகலும் இரவும் ஏறத்தாழ சமம். மறுநாளிலிருந்து எனக்குப் பகல் இரவைவிட நீளும், அவருக்கு இரவைவிடக் குறையும். மே கடைசியில் அங்கே மறையும் சூரியன் ஜூலை நடுவில்தான் திரும்பும்.

ஸ்வார்கேட்டில் நாலரை மணிக்குப் பஸ் ஏறினேன். பதினாறு கிலோமீட்டர்தான், ஆனால் சிங்ககட் ரோடு நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கரையோரம் முழுக்க சோளக்கதிர் வண்டிகள், குடும்பங்கள், செல்ஃபிகள். ஒரு வண்டிக்காரம்மா கதிரை நீட்டியபடி, "ஏக்டீச்?" என்றார். தனியாகத்தானா என்று மராத்தியில் கேட்கிறார். ஆமாம் என்றேன்.

ஆறரைக்குக் கணவர் அழைத்தார். குரல் விட்டு விட்டு வந்தது.

"இங்க பனிப்புயல். ஜன்னல் பூரா வெள்ளையா இருக்கு. ஒண்ணும் தெரியல."

"அப்ப நான் மட்டுந்தான் பாக்கணுமா?"

"நீ பாத்து சொல்லேன்."

சொன்னேன். ஏரிக்கு அக்கரையில் மலை, அதற்குமேல் ஒரு விரல் உயரத்தில் சூரியன், தண்ணீரில் கரை வரைக்கும் ஒரு சிவப்புக் கோடு. "இப்ப மலையைத் தொட்டுடுச்சுங்க. பாதி போயிடுச்சு..." பதில் வரவில்லை. லைன் எப்போது அறுந்ததென்று தெரியவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்க மனமில்லாமல் மீதியையும் சொல்லி முடித்தேன்.

"யார்கிட்ட சொன்னீங்க?" என்று வண்டிக்காரம்மா இந்தியில் கேட்டார்.

"வீட்டுக்காரர். ராணுவம்."

"காஷ்மீரா?"

"அதைவிடத் தூரம்."

அவர் வண்டிக்குப் பின்னால் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டார். சுற்றிலும் எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மேற்கு நன்றாகக் கறுக்கும்வரை அதில் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் அவருடைய செய்தி வந்தது: 'பாதி போயிடுச்சு வரைக்கும் கேட்டுது.' மீதியை டைப் செய்து அனுப்பினேன். ஒரு டிக் மட்டும் விழுந்தது; அவருக்குப் போய்ச் சேரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கொஞ்சம் அழுதேன்.

போக நினைப்பவர்களுக்கு: செப்டம்பர் இருபத்து மூன்று வாக்கிலும் இப்படி ஒரு நாள் உண்டு, ஆனால் மழை மேகத்தை நம்ப முடியாது, மார்ச்தான் நல்லது. சூரியன் ஆறே முக்காலுக்கு மறையும், மலை இருப்பதால் சற்று முன்பே தயாராக இருங்கள். வெறும் கண்ணால் உற்றுப் பார்க்காதீர்கள். தண்ணீருக்குள் இறங்க வேண்டாம், சேறு ஆழம். திரும்பும் பஸ்களில் கூட்டம் அதிகம். முடிந்தால் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். சூரியன் மறைந்த பிறகு வரும் அந்த அரைமணி நேரம் தனியாக இருப்பவர்களுக்கு நீளமானது.