வாசலில் சந்தனம் கொடுத்தவன்

கமாலுதீன் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் அறந்தாங்கி பஸ் கண்டக்டர். டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "தெரியாதா சார்? ஒங்க கமால் சார் நேத்து மவுத்தாயிட்டாருங்க" என்றார். 'ஒங்க' என்றது கசந்தது. அவர் என்னுடையவராக இல்லாமல் போய்ப் பல வருஷம் ஆகிறது.

புதுக்கோட்டைக் கல்லூரியில் நாங்கள் இருவரும் ஆங்கிலம் நடத்தினோம். அவரை அறிந்த நீங்கள் இந்நேரம் புகழ்ந்துகொண்டிருப்பீர்கள். புகழத் தகுந்தவர்தான். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்காவிலும் கனடாவிலும் வந்த சிறுகதைகளை அவரைப் போல் படித்தவர் இந்த ஊரில் கிடையாது. ஒரு கதையில் கணவன் காரைக் கழுவுவான், மனைவி ஜன்னலில் நிற்பாள்; அதோடு முடிந்துவிடும். "இதுல கதை எங்க இருக்கு?" என்றேன்.

"அவன் ஒரே கதவத்தானே தேய்ச்சுக்கிட்டு இருக்கான்? அவ போகப்போறது அவனுக்குத் தெரிஞ்சிருச்சு. மனச எழுதக்கூடாது மச்சான், கைய எழுதணும்."

பின்னாளில் அவர் எழுதியது என் கையை.

திருமயத்தில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் குழந்தையை வைத்துக் குத்துவது வழக்கம். கூடப்பிறந்தவன் நான் நிற்க, மலேயாவிலிருந்து பெட்டிகளோடு வந்திறங்கிய சித்தப்பா மகனை மணையில் உட்காரவைத்தார் மைத்துனர். எனக்கு வாசலில் சந்தனக் கிண்ணம். கடைசிப் பந்திவரை சிரித்த முகமாக நின்றேன். மறுநாள் கமாலிடம் மட்டும் சொன்னேன்.

"விடுங்க மச்சான், சீமைச் சட்டை போட்டவனுக்கு மடி பெருசு" என்று என்னைச் சிரிக்கவைத்தார்.

அந்தத் தீபாவளி மலரில் அவர் கதை வந்தது. ஒருவன் வாசலில் சிரித்துக்கொண்டே சந்தனம் கொடுக்கிறான். உள்ளே அவன் மடிக்கு உரிய குழந்தை வேறொருவர் மடியில் அழுகிறது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சண்டைக்குப் போனேன்.

"பேரு இல்ல, ஊரு இல்ல. யாருக்கு மச்சான் தெரியப்போகுது?"

நியூயார்க்கில் யாருக்கும் தெரியாதுதான். திருமயத்தில் காது குத்திய ஆசாரிக்குக்கூடத் தெரியும். தங்கையும் படித்தாள்.

"இம்புட்டு வஞ்சத்த வச்சுக்கிட்டா சிரிச்சண்ணே? அன்னைக்கே நாலு வார்த்தை வைஞ்சிருந்தா ஒன் காலப் புடிச்சிருப்பேனே!"

அந்த வருஷம் நான் அனுப்பிய பொங்கல் சீர் திரும்பி வந்தது. அவள் இன்றுவரை என் வாசலை மிதிக்கவில்லை.

துக்கம் கேட்கப் போனபோது கமாலின் மனைவியிடம், "அந்தக் கதையைப் பத்தி ஏதும் வருத்தப்பட்டாரா?" என்று கேட்டேன்.

"இல்லீங்களே. நல்லா வந்த கதை அது ஒண்ணுதான்னு சொல்லுவாரு" என்றார்.

நல்ல கதைதான். அதன் முடிவில் சந்தனம் தீர்ந்துவிடுகிறது. அவன் வெறும் கிண்ணத்தை நீட்டிக்கொண்டே நிற்கிறான். வருகிறவர்களும் அதை விரலால் தொட்டுக் கழுத்தில் தடவிக்கொண்டு உள்ளே போகிறார்கள். அது அப்படித்தான் நடந்தது. ஆனால் கமால் அன்று திருமயத்துக்கு வரவில்லை. கிண்ணம் காலியானதை நான் அவரிடம் சொன்னதும் இல்லை.

அவரை நான் மன்னிக்கவில்லை. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த வெறும் கிண்ணம். அத்தனை பேர் விரல் வைத்தும், அதைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.