உருவக்கூடாத கால்

என் அப்பாவைக் கல்நெஞ்சர் என்று ஒரு காலத்தில் உறுதியாக நம்பினேன். எட்டு வயதில் ஒன்றை நம்பிவிட்டால் லேசில் விடுவேனா நான்!

அம்மாவுக்குச் சிறுநீரக வருத்தம். காலையில் முகம் பூசணிக்காயாக ஊதியிருக்கும். உப்பில்லாத கஞ்சியைக் குடித்துவிட்டு, "எனக்கு ஒன்னுமில்ல" என்று தேயிலைக் கொழுந்துக் கூடையோடு மலையேறிப் போவார். ஒருநாள் விடிந்தபோது இடது கால் மட்டும் இரண்டு மடங்காக வீங்கிச் சிவந்து கிடந்தது. பாதத்தை ஊன்றியதும் அலறிவிட்டார்.

தோட்டத்து மருந்துச்சாலையிலிருந்து டாக்டரையா வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"சிறுநீரகம் பழுதானவைக்கு ரத்தம் கெதியா உறைஞ்சு போகும். காலுக்குள்ள கட்டியாக் கிடக்கு. ஒருத்தரும் உருவக் கூடாது. அது கழண்டு நெஞ்சுக்குப் போனால் ஆள் தப்பாது, விளங்குதோ?"

அப்பா தலையாட்டினார். எனக்கு அதில் பாதி விளங்கவில்லை. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி வேண்டும். லொறியோ மழையில் மண் சரிந்த பாதைக்கு அந்தப் பக்கம் நின்றது. மண்ணை வெட்டி அள்ளும்வரை காத்திருக்கச் சொன்னார்கள்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கால் வலி என்றால் எண்ணெயைக் காய்ச்சி உருவுவதுதான் முதல் வேலை. அதில் கைராசி உள்ளவர் அப்பாவின் அக்கா. தாயில்லாத அப்பாவை வளர்த்தவரும் அவரே. அவர் சொல்லை அப்பா தட்டி நான் பார்த்ததில்லை. சூடான வேப்பெண்ணெய்க் கிண்ணத்தோடு அத்தை வந்தபோது, அப்பா வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்திருந்தார்.

"தள்ளுடா. புள்ள துடிக்கிறா."

"வேணாங்க்கா. டாக்டரையா தொடக்கூடாதுன்னுட்டாரு."

"அவரு போத்தல்ல மருந்து ஊத்திக் குடுப்பாரு. காலைப் பத்தி என்னா தெரியும்? இந்தக் கையால எத்தன பேர நடக்க வச்சிருக்கேன்!"

உள்ளேயிருந்து அம்மாவும், "உருவட்டுங்க, தாங்க முடியல" என்று அழுதார். நானும் சேர்ந்து அழுதேன். அத்தை அப்பாவைத் தாண்டி உள்ளே போக ஒரு காலைத் தூக்கிவிட்டார். அப்பா சட்டென்று சாரத்தை முழங்காலுக்கு மேல் சுருட்டித் தன் காலை நீட்டினார்.

"எனக்கும் ராத்திரி பூரா குடைச்சல்க்கா. மொதல்ல இத உருவு."

"ஒனக்கு இப்பத்தான் வரணுமாடா?" என்று திட்டிக்கொண்டே அத்தை உட்கார்ந்தார். வளர்த்த கையல்லவா, மறுக்க முடியவில்லை. ஒரு கால் முடிந்ததும் அப்பா மற்றக் காலை நீட்டினார். அப்புறம் முதுகு என்றார், தோள் என்றார். எண்ணெய் தீர்ந்ததும் இன்னும் கொஞ்சம் காய்ச்சச் சொன்னார். லொறிச் சத்தம் கேட்கும்வரை அத்தையை எழுந்திருக்கவே விடவில்லை.

எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! பெற்றவள் உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க, இந்த மனுஷர் வாசலில் சொகுசாக உருவிக்கொள்கிறாரே என்று கொதித்தேன். அம்மாவைக் கம்பளியில் கிடத்தி, கால் அசையாமல் நான்கு பேர் தூக்கிப் போனார்கள். பதுளையில் வாரக்கணக்கில் படுத்திருந்து, கால் வற்றித் திரும்பி வந்தார். அதுவரை நான் அப்பாவோடு பேசவில்லை. பஸாரிலிருந்து அவர் வாங்கிவந்த பணிஸ் ரொட்டியைத் தொடக்கூட இல்லை.

அன்று அத்தை உருவ உருவ, அப்பாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அத்தை அழுத்துகிற அழுத்தில் வலிக்கிறது போலிருக்கிறது, நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.