ரொட்டி அச்சைப் பழக்கிய மூன்று நாள்

எழுதிப் பழக்கம் இல்லாதவள் நான். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டேன். எழுத்து கோணும், முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லிவிடுவேன். மறதி வேறு. பொறுத்துக்கொள்ளுங்கள். கோயில் விழா மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று மருமகள் கேட்டதால்தான் எழுதுகிறேன். எழுதப்போவதும் அந்த மறதியைப் பற்றித்தான்.

ஜொகூர் பாருவில் மகன் வீட்டில் இருக்கிறேன். மகனுக்கும் மருமகளுக்கும் சிங்கப்பூரில் வேலை. விடியுமுன்பே கிளம்பினால்தான் பாலத்தைத் தாண்ட முடியும். நான் எழுந்து இரண்டு தோசையாவது சுட்டு, பசியாற வைத்துத்தான் அனுப்புவேன். ஒரு நாள் மத்தியானம் கடலையை அடுப்பில் வைத்துவிட்டு, கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மாக்சிக் என்றுதான் கூப்பிடுவோம், புகையைப் பார்த்துக் குரல் கொடுத்த பிறகுதான் கடலை நினைவுக்கு வந்தது. சட்டி கரியாகிவிட்டது.

மகன் திட்டவில்லை. "இனிமே அடுப்புப் பக்கம் போகாதீங்கம்மா" என்றான். அவ்வளவுதான். அன்றிலிருந்து இருவரும் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போனார்கள். எனக்கு மின்சாரக் கேத்தலும் ஒரு பிஸ்கட் டின்னும். அடுப்பைத் திரும்பக் கொடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. எதையும் கேட்டு வாங்கிப் பழகியவள் இல்லை நான்.

அந்தச் சமயத்தில்தான் மகன் ஒரு ரொட்டி அச்சு வாங்கி வந்தான். ரொட்டித் துண்டு அளவில் இரண்டு இரும்புக் கிண்ணம், ஒன்றின்மேல் ஒன்று மூடும். கைப்பிடி ஒரு முழத்துக்கு மேல் நீளம். நடுவில் ரொட்டியும் கறியும் வைத்து மூடி நெருப்பில் நீட்ட வேண்டும். "சனிக்கிழமை குளுவாங் பக்கம் ஆத்தோரமா கூடாரம் போடறோம்மா. ஞாயித்துக்கிழமை காலைல இதுலதான் பசியாறணும்" என்றான்.

தடவிப் பார்த்தேன். பச்சை இரும்பு. பழக்காத இரும்பு ரொட்டியைப் பிடித்துக்கொள்ளும், எடுத்தால் இரண்டாகப் பிய்ந்து வரும். தோசைக்கல் வைத்திருப்பவர்கள் யாருக்கும் இது தெரியும். மகனிடமும் மருமகளிடமும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வியாழக்கிழமை வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் அரிசி கழுவிய தண்ணீரில் ஊறப்போட்டு, புளி போட்டுத் தேய்த்து, அடுப்பைப் பற்றவைத்து, எண்ணெய் தடவிச் சூடு காட்டினேன். வெள்ளிக்கிழமை வெங்காயத்தைப் பாதியாக வெட்டி, அதை எண்ணெயில் தொட்டுத் தொட்டுத் தேய்த்தேன். இரண்டு நாளும் அடுப்பை விட்டு ஓர் அடி நகரவில்லை.

சனிக்கிழமை காலை அவர்கள் காரில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது கடைசியாக ஒரு முறை அடுப்பில் வைத்து எண்ணெய் காட்டினேன். மகன் ஹாரன் அடித்தான். அச்சைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடினேன். உள்ளங்கை சுட்டது.

மறுநாள் காலை ஆற்றோரத்தில் மகன் விறகைக் கொளுத்தி, எரியும் தீயிலேயே அச்சை நீட்டினான். ரொட்டி வெளியே கரி, உள்ளே முட்டை பச்சைத் தண்ணீர்.

"கங்கு விழட்டும் தம்பி" என்றேன்.

"சரி, நீங்களே செய்ங்க. சட்டியக் கருக்குனவங்க, ரொட்டியக் கருக்குனவன், ரெண்டு பேரும் சமம்."

மருமகள் சிரித்துவிட்டு என்னைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

கங்கு விழுந்ததும் உட்கார்ந்தேன். ரொட்டியில் மார்ஜரின் தடவி, குழித்து, ஓரத்தில் மசித்த உருளைக்கிழங்கு, நடுவில் முட்டை, அதன்மேல் மருமகள் வீட்டிலேயே பிரட்டிக்கொண்டு வந்த சார்டின் மீன். மேலே இன்னொரு ரொட்டி. மூடிக் கங்கின்மேல் வைத்து, திருப்பித் திருப்பிச் சுட்டேன். திறந்து கவிழ்த்ததும் பொன்னிறமாக முழுசாக விழுந்தது.

"ஒட்டவே இல்லையே அத்தை" என்று மருமகள் அச்சை வாங்கிப் பார்த்தாள். "முதல் தடவை ஒட்டும்னுதான் எல்லாரும் சொன்னாங்க. இது புதுசு மாதிரியே இல்ல. என்ன செஞ்சீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். "பழக்குனேன்" என்றேன்.

"எதுல?"

"அடுப்புலதான்."

மகன் கோப்பியைக் கீழே வைத்தான். "எப்போ?"

"மூணு நாளா. நேத்துக் கிளம்பும்போதுகூட."

"கேஸ மூடுனீங்களா?"

ஹாரன் சத்தம் நினைவில் இருந்தது. கை சுட்டது நினைவில் இருந்தது. தோங்கின், அதுதான் கேஸ் சிலிண்டரின், திருகைத் திருப்பியது மட்டும் நினைவில் இல்லை.

"தெரியலப்பா."

ஆற்றோரத்தில் போன் எடுக்காது. மகன் சாலைக்கு ஓடினான். மாக்சிக்கிடம் எங்கள் வீட்டுச் சாவி இருக்கிறது. வீடு பூட்டிக் கிடக்கிறது, உள்ளே கேஸ் நிறைந்திருந்து அந்த அம்மா விளக்கைப் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்றே நினைப்பு ஓடியது. அடுத்த ரொட்டி கங்கில் இருந்தது. அதையும் கருக்கக் கூடாது என்று திருப்பிக்கொண்டே இருந்தேன். மருமகள் பக்கத்தில் வந்து ஒட்டி உட்கார்ந்தாள். "வெளக்கப் போடாதீங்கன்னு அவரு முதல்லயே சொல்லிடுவாரு அத்தை" என்றாள்.

மகன் நடந்துதான் திரும்பி வந்தான். அப்போதே எனக்குப் பாதி உயிர் வந்தது.

"அடுப்பு மூடியிருக்கு. தோங்கும் மூடியிருக்கு. தோங் கழுத்துல செவப்புத் துண்டு ஒண்ணு கட்டியிருக்காம். எதுக்குன்னு மாக்சிக் கேக்கறாங்க."

அது என் துண்டு. திறக்கும்போது அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொள்வேன், மூடியதும் தோங்கில் கட்டிவிடுவேன். என் தலையை நம்ப முடியாது என்று வியாழக்கிழமை நானே செய்துகொண்ட ஏற்பாடு. பயத்தில் அதுவும் மறந்துபோனது. தோளைத் தொட்டுப் பார்த்திருந்தாலே, துண்டு அங்கே இல்லை, தோங்கை மூடிவிட்டேன் என்று தெரிந்திருக்கும்.

"சொல்லாம செஞ்சீங்க பாருங்க, அதான் எனக்குக் கோவம்" என்றான் மகன்.

"சொல்லியிருந்தா விட்டிருப்பியா?"

 மகன் நான் சுட்ட ரொட்டியை எடுத்துத் தின்றான். அடுத்ததற்கும் தட்டை நீட்டினான்.

மருமகள்தான் பேசினாள். "நாளைலேர்ந்து காலைல தோசை உண்டு லா. ஆனா நாங்க வீட்டுல இருக்கும்போது மட்டும். அத்தை துண்டக் கட்டணும், நான் தொட்டுப் பாத்துட்டுத்தான் கார்ல ஏறுவேன்."

அப்படித்தான் நடக்கிறது. நான் தோசை சுடுகிறேன், துண்டைக் கட்டுகிறேன், அவள் செருப்பைப் போடுமுன் உள்ளே வந்து தொட்டுப் பார்க்கிறாள். பகலில் அடுப்பு எனக்கு இல்லை. அது சரிதான்.

இதில் சில இடங்களில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. வெங்காயம் தேய்த்தது வெள்ளிக்கிழமையா வியாழக்கிழமையா, மகன் தின்றது இரண்டு ரொட்டியா நாலா என்று உறுதியாகத் தெரியவில்லை. நாலு என்று அவன் சொல்கிறான். மலருக்குக் கொடுக்குமுன் மருமகள் துண்டைத் தொட்டுப் பார்ப்பதுபோல இதையும் ஒரு தடவை பார்த்து, தப்பாக இருந்தால் திருத்திவிட வேண்டும்.