தம்பியைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தது

என் தம்பிக்கு இப்போது வழுக்கை விழுந்துவிட்டது. மூன்று பிள்ளைகளின் தகப்பன். ஆனாலும் கலியாண வீடுகளில் யாராவது "இவ ஆர்?" என்று கேட்டால், "என்னை மழைக்குள்ள வைச்சு வித்த அக்கா" என்றுதான் என்னை அறிமுகப்படுத்துவான். நான் விற்கவில்லை. மாற்றத்தான் பார்த்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று இத்தனை வருடமாக வாதாடுகிறேன், ஒருவரும் கேட்பதாயில்லை.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் மெல்பேணின் ஓரத்தில், டண்டினொங்கில் இருந்தோம். அப்பா ஒரு தொழிற்சாலையில் வரைபடம் கீறும் வேலை பார்த்தார். எங்கள் தெருவில் தமிழ் பேசும் வீடு எங்களுடையது மட்டும். பஸ்ஸில் ஏறிக் கடைசித் தரிப்பு வரை போனாலும் இன்னொன்று கிடைக்காது. எனக்கு எட்டு வயது. மார்ச் தொடக்கத்தில் தம்பி பிறந்தான். அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரியில் பிள்ளைகளைக் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாகக் கிடத்தியிருப்பார்கள். நேர்ஸ் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். சிவப்பாக, தலை நிறைய முடியோடு, நித்திரையில் சிரித்துக்கொண்டு கிடந்தது.

"நரி வெருட்டுது," என்றார் அப்பா. நித்திரையில் பிள்ளை சிரித்தாலும் சிணுங்கினாலும் கனவில் நரி வந்து விளையாட்டுக் காட்டுகிறது என்பது எங்கள் ஊர் விஞ்ஞானம். மெல்பேணில் நரி உண்டா என்று கேட்டேன். அப்பா யோசித்துவிட்டு, இங்கிலாந்துக்காரர் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள், ஆகவே உண்டு என்றார்.

வீட்டுக்கு வந்த பிள்ளை சிரிக்கவில்லை. அழுதது. காலையில் அழுதது, பின்னேரம் அழுதது, இடையில் இளைப்பாறிவிட்டு மறுபடி அழுதது. அது பரவாயில்லை. அம்மாதான் மாறிப்போனார்.

அம்மா பெரிய வாயாடி. பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிற வெள்ளைக்காரியையும் விடமாட்டார். தனக்குத் தெரிந்த இங்கிலீசில் அவளுடைய குடும்ப வரலாற்றை அறிந்துகொண்டுதான் இறங்குவார். அந்த அம்மா இப்போது சுவரைப் பார்த்தபடி கட்டிலில் கிடந்தார். தலை வாரவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுப்பார். கொடுத்து முடிந்ததும் யாராவது வாங்குங்கள் என்பதுபோல இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டிருப்பார். நான் பள்ளிக்கூடத்தால் வந்து ஏதாவது சொன்னால் "ம்" என்பார். சில நாளில் அதுவும் இல்லை.

"அம்மாவுக்குக் களைப்பு," என்றார் அப்பா. ஊரில் என்றால் அந்த ஒரு மாதமும் வீட்டில் நான்கைந்து பெண்கள் நின்றிருப்பார்கள். இங்கே அப்பா ஒரு ஆள். ஊரிலிருந்து பெரியம்மா எழுதி அனுப்பிய ஏரோகிராமைக் குசினிச் சுவரில் ஒட்டிவைத்து, அதைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளை பெற்றவளுக்கான சரக்குக் கறி காய்ச்சினார். தொழிற்சாலையில் வரைபடம் எப்படிக் கீறினாரோ தெரியாது, அந்தக் கறியை வைத்துப் பார்த்தால் கட்டடங்கள் இடிந்திருக்க வேண்டும். முப்பத்தோராம் நாள் துடக்கு, அதாவது பிள்ளைப்பேற்றுத் தீட்டு, கழித்ததும் அப்பாதான். நாவிதன் இல்லை, ஐயர் இல்லை. மஞ்சள் தண்ணீரைத் தெளித்துவிட்டு, தன் சவரக் கத்தியால் பிள்ளையின் தலையைத் தானே வழித்தார்.

முடி போனதும் ஆளே மாறிவிட்டான். காது இரண்டும் வெளியே வந்தன. நெற்றியில் நான்கு சுருக்கம். கண்ணாடிக்குள் நான் பார்த்த பிள்ளை இதுதானா என்று எனக்குச் சந்தேகம் தட்டியது. அந்தச் சந்தேகத்துக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவள் மொய்ரா.

மொய்ரா பக்கத்து வீடு, என் வகுப்பு. அவர்கள் அயர்லாந்தின் மேற்குக் கரையிலிருந்து வந்தவர்கள். அவளுடைய தாயை நான் அன்ரி என்பேன். உறவில்லாதவரை ஏன் அப்படிக் கூப்பிடுகிறேன் என்று விளங்காமலே அவர் ஏற்றுக்கொண்டிருந்தார். அவர்கள் வீட்டில் தேவதைகள் என்ற சொல்லையே எடுக்கக் கூடாது. 'நல்ல ஆட்கள்' என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு அது உடனே விளங்கிவிட்டது. கடித்தால் ஆள் பிழைக்காத பாம்பைத்தானே நாங்களும் நல்ல பாம்பு என்கிறோம்! இந்த நல்ல ஆட்கள் மேட்டுக்கடியில் வசிப்பவர்கள், மனிதப் பிள்ளைகளில் ஆசை கொண்டவர்கள். கண்ணசந்தால் தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, தங்கள் கிழடு ஒன்றைப் பிள்ளை உருவில் கிடத்திவிட்டுப் போவார்கள். அது அழும், தின்னும், தேறாது.

மொய்ரா தம்பியைப் பரிசோதிக்க வந்தாள். அவள் பேசியது இங்கிலீசில்தான். ஆனால் என் நினைவில் அவள் எங்களைப் போலத்தான் கதைக்கிறாள்.

"இது உன்ர தம்பி இல்லை."

"பின்னை ஆர்?"

"அவையின்ர ஆள். கிழவன். முன்னூறு வயது வரும். முகத்தைப் பார், உனக்கு விளங்கேல்லையே? தொட்டிலுக்குள்ள இரும்பு வைச்சனீங்களோ?"

வைத்திருந்தோம். பிள்ளைக்குப் பக்கத்தில் இரும்பு இருக்க வேண்டும் என்று பெரியம்மா எழுதியிருந்தார். பாக்குவெட்டி இல்லாததால் அப்பா ஒரு ஸ்க்ரூட்ரைவரை மெத்தைக்கடியில் வைத்திருந்தார். அதைக் கண்டதும் மொய்ராவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"அது எங்கட ஆக்கள் கண்டுபிடிச்சது."

"இல்லை, எங்கட பெரியம்மா கண்டுபிடிச்சது."

சற்று நேரம் இரண்டு தேசங்களும் சண்டை பிடித்தன. பிறகு மொய்ரா சமாதானமாக ஒரு முடிவு சொன்னாள்: "இரும்பு பிந்திப்போச்சு. ஆஸ்பத்திரியிலேயே மாத்திப்போட்டினம். கண்ணாடி அவையளை மறிக்காது."

எனக்குப் பயம் வரவில்லை, சந்தோசம் வந்தது. எல்லாம் பொருந்திவிட்டதல்லவா! அம்மாவுக்கு நோய் வருத்தம் ஒன்றும் இல்லை. இது தன் பிள்ளை இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. சொல்ல வழி தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். உரிய பிள்ளையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தால் எழும்பிவிடுவார், என்னோடு கதைப்பார். அப்பாவால் முடியாததை நான் செய்து முடிக்கப் போகிறேன்.

பிள்ளையை மாற்ற நாள் குறித்ததும் மொய்ராதான். ஏப்ரல் கடைசி நாள். அவர்கள் ஊரில் மறுநாள் கோடை பிறக்கிறது. அதற்கு முதல்நாள் மேட்டின் கதவு திறந்து நல்ல ஆட்கள் வெளியே திரிவார்களாம். அன்று அவர்கள் வீட்டுக்குள் வராதபடி வாசற்படியில் மஞ்சள் பூப் போட வேண்டும். அங்கே அதற்கென்றே பூக்கிற பூ உண்டு. டண்டினொங்கில் அப்போது இலை உதிர்கிற காலம். ஆகவே அன்ரி செவ்வந்திப் பூக்களைப் பிய்த்துப் படி முழுவதும் தூவியிருந்தார். எனக்கு அது ஏதோ அம்மன் கோயில் வாசல்போல இருந்தது. குளிர்காலம் பிறக்கும்போதும் அவர்களுக்கு இதே மாதிரி இன்னொரு நாள் உண்டு, அது நவம்பர் வாசலில். "இஞ்ச எல்லாம் தலைகீழ், அங்க கோடை பிறக்கேக்க இஞ்ச குளிர். அதால ரெண்டு கதவும் ஒரே நாளில திறக்கும்," என்றாள் மொய்ரா. இவ்வளவு தெளிவான விளக்கத்தை அதற்குப் பிறகு நான் பல்கலைக்கழகத்திலும் கேட்டதில்லை.

அன்று அப்பா வேலையால் வருமுன், முதலில் சோதனை. முட்டைக் கோதுகளில் ஏதாவது காய்ச்சிக் காட்ட வேண்டும். முன்னூறு வயதுக் கிழவன் எல்லாம் கண்டவன், ஆனால் இதைக் கண்டிருக்கமாட்டான். சிரிப்பை அடக்க முடியாமல் சிரித்து மாட்டிக்கொள்வான். பியர் காய்ச்சுவதுதான் முறையாம். எங்கள் வீட்டில் பியர் இல்லை. அப்பா வைத்த ரசம் இருந்தது. மொய்ரா கொண்டுவந்த மூன்று கோதுகளைப் பீங்கானில் நிறுத்தி, சுடவைத்த ரசத்தைக் கரண்டியால் ஊற்றினேன். அயர்லாந்தின் நீண்ட வரலாற்றில் முட்டைக் கோதில் ரசம் ஆவி பறந்தது அன்றுதான் முதல் தடவையாக இருக்கும்.

முன்னறையில் இருந்த தொட்டிலுக்கு மேலே பீங்கானைப் பிடித்தேன். அழுதுகொண்டிருந்தவன் நிறுத்தினான். கோதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். வாய் மெல்ல விரிந்தது. பொக்கை வாயெல்லாம் தெரியச் சிரித்தான். நரி இல்லை, கண் நன்றாக முழித்திருந்தது.

எட்டு வாரத்தில் பிள்ளைகள் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும் என்று இன்று எனக்குத் தெரியும். அந்த முதல் சிரிப்புக்காகத் தாய்மார் காத்திருப்பார்கள். என் தம்பியின் முதல் சிரிப்பு எனக்குக் கிடைத்தது. நான் வீறிட்டுக் கத்தி ரசத்தைக் காலில் கொட்டிக்கொண்டேன். மொய்ரா ஓடிவிட்டாள். நிபுணர்கள் அப்படித்தான்.

மிச்சத்தை நானே செய்தேன். உடுப்புக் கூடையில் அப்பாவின் கம்பளிச் சட்டையை விரித்து, கிழவனைக் கிடத்தி, இரண்டு துவாயால் போர்த்தினேன். நான் கொடுமைக்காரி இல்லை. ஸ்க்ரூட்ரைவரை எடுத்துக் குசினி மேசையில் வைத்தேன், வருகிறவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதே. பின்வளவில் வேலியோரம் ஒரு தேசி மரம், எலுமிச்சைதான், நின்றது. அதன் அடியில் கூடையை வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் பழக்கிய மாதிரி மரியாதையாகச் சொன்னேன்: "தயவுசெய்து உங்கள் ஆளை எடுத்துக்கொண்டு எங்கள் ஆளைத் தாருங்கள்." இங்கிலீசில் ஒரு தரம், காப்புக்குத் தமிழில் ஒரு தரம். அவர்கள் வரும்போது பார்க்கக் கூடாது என்பதால் வேலிப் பக்கம் திரும்பி நின்று நூறு வரை எண்ணினேன்.

ஒருவரும் வரவில்லை. இருநூறு எண்ணினேன். தூறல் தொடங்கியது. கூடைக்குள் அழுகை கேட்டது. அழட்டும், தங்கள் ஆள் அழுதால்தான் விரைந்து வருவார்கள் என்று மொய்ரா சொல்லியிருந்தாள். நானூறில் அழுகை விக்கலானது. எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அம்மா எழும்ப வேண்டும். எழுநூறு வரை எண்ணினேன்.

தூறலைக் கண்டு கொடியில் காய்ந்த உடுப்பெடுக்க வந்த அன்ரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை செய்யிறாய் அதில நிண்டு?"

சொன்னேன். ஒன்றும் மறைக்கவில்லை. கிழவன், ரசம், சிரிப்பு, இரண்டு கதவு, அம்மாவின் சுவர், எல்லாம் சொன்னேன். அவர் ஏசவில்லை. கையிலிருந்த உடுப்பெல்லாம் சேற்றில் விழ, வேலியில் ஏறிக் குதித்தார். பாவாடை சரக்கென்று கிழிந்தது. தம்பியை அள்ளித் தன் கார்டிகனுக்குள் செருகி இறுக்கிக்கொண்டார். பிறகு நிமிர்ந்தவர் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலால் வீட்டைப் பார்த்தார். அப்படியே நின்றார்.

நானும் திரும்பிப் பார்த்தேன். படுக்கையறை யன்னலில் அம்மா நின்றுகொண்டிருந்தார்.

"அவையள் பிள்ளையளை மட்டும் கொண்டுபோறேல்லை, செல்லம்," என்றார் அன்ரி மெல்ல. "தாய்மாரையும் கொண்டுபோவினம்."

பாவம், மழையில் அவருக்குக் கதை குழம்பிவிட்டது என்று நினைத்தேன். "இல்லை அன்ரி, அம்மா இஞ்சதான். அந்தா நிக்கிறா," என்று கையை நீட்டிக் காட்டினேன்.

அன்ரி தம்பியோடு உள்ளே போய்ப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே அவரும் அம்மாவும் அழுகிற சத்தம் கேட்டது. அப்பா வந்ததும் அன்ரி அவரை வாசலில் நிறுத்தி நெடுநேரம் கதைத்தார். அப்பா சப்பாத்தைக் கழற்றாமலே படியில் இருந்துவிட்டார். நான் என் தண்டனைக்காகக் காத்திருந்தேன். இவ்வளவு பெரிய குற்றத்துக்கு ஒரு குட்டுக்கூட விழவில்லை. உண்மையில் எனக்கு அது கொஞ்சம் அவமானமாகவே இருந்தது. மறுநாள் டொக்டர் வந்தார். அதற்குப் பிறகு அன்ரி தினமும் காலை பத்து மணிக்கு வந்தார். தம்பியைக் குளிக்க வார்த்தார், அம்மாவின் தலையை வாரிவிட்டார், அம்மா பேசினாலும் பேசாவிட்டாலும் பக்கத்துக் கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்தார். குளிர்காலம் முடிவதற்குள் அம்மா அவரையே பேசவிடாமல் பேசத் தொடங்கிவிட்டார். என் வைத்தியம் பலித்துவிட்டது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அம்மா அதைப் பற்றி என்னோடு ஒரே ஒரு தடவைதான் கதைத்தார். நான் வளர்ந்து, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். குசினியில் இருவரும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். நான் வழக்கம்போல முழுக் கதையையும் நடித்துக் காட்டி, அன்ரி வேலி பாய்ந்த இடத்துக்கு வந்து, "மழைக்குள்ள பிள்ளை எண்டதும் நீங்கள் பாய்ஞ்சடிச்சு எழும்பி யன்னலுக்கு வந்தியள்," என்றேன்.

"அப்ப இல்லை," என்றார் அம்மா. "நீ கூடையைத் தூக்கிக்கொண்டு பின்கதவைத் திறக்கேக்கையே எழும்பி வந்திட்டன். முழுக்கப் பாத்துக்கொண்டுதான் நிண்டனான்."

"பின்னை ஏன் வெளியில வரேல்லை?"

அம்மா ஒரு பழுத்த இலையைக் கிள்ளி எறிந்தார். "ஆரோ வருவினம் எண்டு நீ அவ்வளவு நம்பிக்கையா நிண்டாய். வந்தா வரட்டும், இவனைக் கொண்டுபோய் நல்ல வடிவாப் பாக்கட்டும் எண்டு நினைச்சன்."

எட்டு வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா எழும்பி நிற்கிறார் என்பது ஒன்றுதான். அந்தச் சந்தோசத்தில் அன்று நான் அவருக்குக் கை காட்டினேன். அவர் திருப்பிக் காட்டவில்லை. மழை கண்ணாடியை மறைக்கிறது, என்னைத் தெரியவில்லைப்போல என்று நினைத்து, நுனிக்காலில் எம்பி, இரண்டு கையையும் போட்டு ஆட்டினேன்.