மாப்பிள்ளை சமைத்த தான்சானியா விருந்து

தான்சானியாவில் இருந்த இரண்டு வருடமும் நான் பெரும்பாலும் தின்றது களி. இதை இன்று எழுதக் கூச்சமில்லை. அன்றைக்கும் கடைசிவரை இப்படி நேராகச் சொல்லியிருந்தால் பின்னால் நடந்த எதுவும் நடந்திருக்காது.

சங்ககிரிக்குப் பக்கம் எங்கள் ஊர். போர்வெல் போடும் ரிக் வண்டியில் எனக்கு வேலை. எங்கள் முதலாளி இரண்டு வண்டிகளைக் கப்பலேற்றி அங்கே அனுப்பியபோது, கல்யாணமாகி எட்டே மாதமான என்னையும் கூடவே அனுப்பிவைத்தார். மனைவி நாமக்கல் பக்கம் தோட்டத்தில் இருக்கும் தன் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். மத்தியானம் சாப்பிட்ட கையோடு நான் போன் செய்வேன். தோட்டத்தில் அப்போது டீ நேரம். மாமனார், மாமியார் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்க, என் குரல் ஸ்பீக்கரில் ஒலிக்கும்.

முதல் வாரம் என்ன சாப்பிட்டேன் என்று மனைவி கேட்டாள். மக்காச்சோள மாவில் கிண்டிய களி என்று உள்ளதைச் சொன்னேன். அந்தப் பக்கம் மாமியார் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கோழித் தீவனத்தத் திங்கறதுக்கா மாப்ள கடலு தாண்டிப் போனீங்க?" என்றார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நாமக்கல்லில் மக்காச்சோளம் போவது கோழிப் பண்ணைக்கு. அவரே அதைத்தான் பயிர் செய்கிறார். மீதி நிலத்தில் ஜவ்வரிசிக்காகச் சேகோ மில்லுக்குப் போகும் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. அதையும் நான் அங்கே வாரம் மூன்று நாள் அவித்துத் தின்றுகொண்டிருந்தேன். அதைச் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து அந்த ஊர்ப் பெயர்களாகவே சொல்ல ஆரம்பித்தேன். களி என்று சொல்லவில்லை, உகாலி என்றேன். குச்சிக்கிழங்கு முஹோகோ ஆனது. தண்டுக்கீரை ம்சிச்சா. ஒன்றுகூடப் பொய்யில்லை, அங்கே அதுதான் பெயர். உகாலி எப்படி இருக்கும் என்று மனைவி கேட்டபோது மட்டும், மெத்தென்று, சூடாக இருக்கும் என்றேன். சோற்றுக்கு அங்கே வாலி என்று பெயர். வாலி சாப்பிட்டேன் என்ற அன்று மாமியார் ராமா ராமா என்றார். அவரைச் சமாதானப்படுத்த நேரமாயிற்று. அவரைப்பயறு வேகவைத்த குழம்புக்கு மஹராகே என்று பெயர். லைன் சரியில்லாத ஒரு நாளில் மாமனார் காதில் அது மகராஜா என்று விழுந்தது. சாப்பாட்டுக் கடை நடத்தும் பெண்ணை அங்கே எல்லோரும் மாமா என்றே கூப்பிடுவார்கள். அவர்கள் பேச்சில் அம்மா என்று பொருள். மாமா கடையில் சாப்பிட்டேன் என்று நான் சொன்னதை வைத்து, அங்கே எனக்கு நம் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவர் கிடைத்துவிட்டார் என்று மாமியார் நிம்மதியடைந்தார். நான் திருத்தவில்லை.

இதில் நான் எதிர்பார்க்காதது ஒன்று. மாமனாருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பங்காளி. அவருடைய மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அங்கே அவன் என்னென்ன சாப்பிடுகிறான் என்று அந்தப் பங்காளி வாய்க்கால் மேட்டில் நின்று தினமும் சொல்வாராம். மாமனாரிடம் பதில் சொல்ல எதுவும் இருந்ததில்லை. இப்போது இருந்தது. என் மெனுவை அவர் மறுநாள் காலையிலேயே வாய்க்கால் மேட்டில் ஒப்பித்திருக்கிறார், மகராஜா உட்பட.

இரண்டு வருடம் முடிந்து திரும்பி, மனைவி இருந்த தோட்டத்துக்கு வந்த நான்காம் நாள், வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் தான்சானியா சாப்பாடு சமைக்க வேண்டும் என்றும், பங்காளியைச் சாப்பிடக் கூப்பிட்டாகிவிட்டது என்றும் மாமனார் சொன்னார். என்ன சாமான் வேண்டும், சேலம் போய் வாங்கிவரட்டுமா என்று கேட்டார். நம் தோட்டத்திலேயே எல்லாம் இருக்கிறது என்றேன். அதை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

மக்காச்சோளத்தை மில்லில் கொடுத்தபோது எத்தனை கோழி என்று மில்காரர் கேட்டார். ஆறு என்றேன். சாப்பிட அத்தனை பேர்கூட இல்லை.

சமையலறைக்குள் மனைவியை மட்டும் விட்டேன். கொதிக்கும் தண்ணீரில் மாவைக் கொட்டித் துடுப்பால் கிண்டத் தொடங்கியதும் அவள் என் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, இது களிதானுங்க?" என்றாள். ஆமாம் என்றேன். ரெண்டு வருசமுமா என்றாள். அதற்கும் ஆமாம் என்றேன். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பிறகு துடுப்பை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, நீங்கள் கிண்டினால் கட்டி தட்டும் என்றாள்.

களியையும் கிழங்கையும் மட்டும் வைத்தால் மானம் போய்விடும் என்று எனக்கும் தெரியும். அதனால் இவர்கள் யாரும் சாப்பிட்டிராத ஒன்றையும் செய்தேன். கிசாம்வு. குச்சிக்கிழங்கின் இளம் இலையை உரலில் நன்றாக இடித்து, திறந்த பாத்திரத்தில் வெகுநேரம் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடியும் வேகவைத்து, கடைசியில் தேங்காய்ப்பாலும் அரைத்த நிலக்கடலையும் ஊற்றி இறக்குவது. மாமா கடையில் நின்று நான் பார்த்துக் கற்றது.

இலை போட்டு ஆண்கள் மூன்று பேரும் முதலில் உட்கார்ந்தோம், மனைவி பரிமாறினாள். பங்காளி களியை விரலால் அமுக்கிப் பார்த்தார். மக்காச்சோளக் களி மாதிரி இருக்கிறதே என்றார். மாமனார் ஒரு கவளம் வாயில் போட்டார். மென்றார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கும் புரிந்தது.

"பாத்தா அப்படித்தானுங்க தெரியும்," என்றார் பங்காளியிடம். "வாயில போட்டாத்தான் தெரியும், இது வேறன்னு." அடுத்த கவளம் எடுத்தார்.

கிசாம்வு வந்தது. என்ன கீரை என்று பங்காளி கேட்டார். சொன்னேன். எல்லோர் கையும் இலைமேல் அப்படியே நின்றது. போன வருடம்தான் பங்காளியின் ஆடு ஒன்று அவிழ்த்துக்கொண்டு போய்க் குச்சிக்கிழங்கு இலையை மேய்ந்து செத்திருந்தது.

"மொதல்ல நீங்க தின்னுங்க மாப்ள," என்றார் பங்காளி.

தின்றேன். நன்றாகவே இருந்தது. அடுத்ததாக, கண்ணை மூடிக்கொண்டு மாமனார் தின்றார். தன் மாப்பிள்ளை சமைத்ததைப் பங்காளிக்கு முன்னால் மறுக்க அவரால் முடியவில்லை. அவர் தின்றபிறகு பங்காளியாலும் மறுக்க முடியவில்லை. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தபடியே இலையை வழித்தோம். மாமியார் மட்டும், மூன்று பேருக்கும் ஏதாவது ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒரு ஆள் வேண்டும் என்று ரசஞ்சோறு சாப்பிட்டார்.

அன்று மதியம் முழுக்க மாமியார் எங்களைக் காவல் காத்தார். வேப்பமரத்தடியில் கட்டில் போட்டுப் படுத்திருந்தோம். கால்மணிக்கு ஒருதரம் வந்து ஒவ்வொருவர் மூக்குக்கும் கீழே விரலை நீட்டிப் பார்ப்பார். நாலாவது தடவை மாமனார் மூச்சை அடக்கிக்கொண்டார். மாமியார் போட்ட கூச்சலில் பங்காளி கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தார். மாமனார் எழுந்து உட்கார்ந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, காப்பி வேண்டும் என்றார். அவருக்கு அன்று காப்பி கிடைக்கவில்லை.

பங்காளி போனபிறகு மாமனார் என்னைத் தனியாகக் கிணற்றுப் பக்கம் கூட்டிப்போனார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"தெனமும் இதேதானுங்களா மாப்ள?"

ஆமாங்க மாமா என்றேன். அவர் தலையாட்டினார். பிறகு, அங்கே ஆட்டுக்கறிக்கு என்ன பெயர் என்று கேட்டார். ஞாமா யா ம்புசி என்றேன். இரண்டுமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். நாளைக்கு அதை எடுப்போம், நீங்கள் உடம்பு தேற வேண்டும் என்றார்.

மாதம் ஒன்று போயிருக்கும். பங்காளியிடமிருந்து எனக்குப் போன் வந்தது. பெங்களூர் மாப்பிள்ளை வருகிறானாம். அந்த இலைக் குழம்பின் பெயரை ஒரு எழுத்து விடாமல் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். எத்தனை தரம் வேகவைப்பது என்று கேட்டார். இரண்டு தரம், தண்ணீரைக் கண்டிப்பாகக் கொட்டிவிட வேண்டும் என்றேன். அதையும் எழுதிக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேறு சோலி ஏதும் இருக்கிறதா என்று கேட்டார்.

"மொத வாய் திங்கறதுக்கு நீங்க வந்தீங்கன்னாச் சரிங்க," என்றார்.

போனேன். அவருடைய வீட்டம்மா அந்த இலையை வாசல்படி ஏற விடவில்லை. நாட்டுக்கோழிக் குழம்பும் சோறும் போட்டார்கள். பெங்களூர் மாப்பிள்ளை அதைத்தான் கேட்டிருந்தானாம். அவன் மூன்று தரம் சோறு வாங்கினான், நான் நாலு.